என்னை விட்டால் ஆளில்லை

பூட்ஸைக் கழற்ற வேண்டாம், அப்படியே உள்ளே வாருங்கள். பனி உருகித் தரை எப்படியும் நனையத்தான் போகிறது, சாயங்காலம் நான் துடைத்துக்கொள்வேன். காபி ஊற்றுகிறேன். எங்கள் பக்கத்துக் காபி தண்ணீராகத்தான் இருக்கும். அதற்காக இதுவரை யாரும் யார் மேலும் கேஸ் போட்டதில்லை.

என் மனைவி ஆர்டிஸைப் பார்த்துவிட்டீர்கள், அவள் அறையையும் பார்த்துவிட்டீர்கள். விரிப்பு சுத்தமாக இருக்கிறது, நகம் வெட்டியிருக்கிறது, முதுகில் ஒரு புண் கிடையாது. போன பிப்ரவரியிலிருந்து படுக்கையும் சக்கர நாற்காலியுமாக இருப்பவளுக்கு முதுகில் புண் இல்லையென்றால் அது சும்மா நடக்கிற காரியமில்லை. நாதியற்ற கிழடுகளையும் நோயாளிகளையும் தேடிப் போய்ப் பார்க்கிற உங்கள் உத்தியோகத்தில் இது நன்றாகவே தெரிந்திருக்கும். உங்கள் காகிதத்தில் அதை முதலில் எழுதுவீர்கள் என்று நம்புகிறேன்.

கொரின் உங்களிடம் என்ன சொன்னாள் என்று நான் கேட்கப் போவதில்லை. அவள் ஆர்டிஸின் தங்கை, அக்காமேல் உயிரையே வைத்திருப்பவள், நாக்குதான் கொஞ்சம் நீளம். கிறிஸ்துமஸுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். சமையலறையில் நான் செய்துகொண்டிருந்த ஒரு காரியத்தைப் பார்த்தாள். பார்த்தது உண்மைதான், நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் எதையும் நடுவிலிருந்து ஆரம்பித்தால் தப்பாகத்தான் தெரியும்.

நான் பயிர் இன்சூரன்ஸுக்குச் சேதம் அளந்து கொடுத்தவன். பெயர் வெர்லின் ஹாக்ஸ்டாட் என்று சொன்னால் இந்த ரெட் ரிவர் ஓரத்தில் கோதுமையும் சூரியகாந்தியும் போடுகிற அத்தனை பேருக்கும் தெரியும். விலை படுத்துவிட்ட வருடங்களில், அறுத்து விற்பதைவிட வயல் அழிந்துபோனால் லாபம் என்று ஆகிவிடும். அப்போது சிலர் என்னிடம் வருவார்கள். டிராக்டருக்குப் பின்னால் சங்கிலியைக் கட்டி, பயிர் நசுங்கும்படி வயலுக்குள் இழுத்துவிடச் சொல்வேன். ஆலங்கட்டி மழை என்று நான் எழுதிக் கொடுப்பேன். எனக்கு ஒரு பங்கு வரும். பணம் வாஷிங்டனிலிருந்து, அரசாங்கத்திலிருந்து வருவது, யார் வீட்டு அடுப்பும் அதனால் அணையவில்லை. அன்றும் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான். கடைசியில் ஒரு விவசாயிக்கு விவாகரத்து ஆயிற்று, அவன் மனைவி நேராக அதிகாரிகளிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் வாதாடவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டால் தண்டனையில் தள்ளுபடி உண்டு.

மோசடிக் கேஸில் தண்டனையை எப்படிப் போடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. ஜட்ஜ் உங்கள் முகத்தைப் பார்த்து முடிவு செய்வதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒரு அட்டவணை இருக்கிறது. மேலிருந்து கீழே குற்றத்தின் கனம், குறுக்கே உங்கள் பழைய வண்டவாளம். ரெண்டும் சந்திக்கிற கட்டத்தில் இத்தனை மாதம் முதல் இத்தனை மாதம் வரை என்று போட்டிருக்கும். கனத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பணம்தான். போன தொகை ஏற ஏறப் படி ஏறும். நீங்கள்தான் தலைவர் என்றால் இன்னும் ஏறும். நொடிந்துபோனவர்கள், முதியவர்கள் ஏமாந்திருந்தால் அதற்கும் ஏறும். ஒப்புக்கொண்டால் சில படி இறங்கும். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அது பிடித்திருந்தது. சேதத்தை அளந்து, விழுக்காடு போட்டு, கட்டத்தில் தொகையைப் பார்ப்பதுதானே நான் ஆயுளெல்லாம் செய்த வேலை. என் கட்டத்தில் ஏறக்குறைய மூன்று வருடம் இருந்தது.

டாலஃப்ஸன் என் வக்கீல். ஃபார்கோவில் ஆபீஸ், வயிறு பெருத்தவர், நேர்மையானவர். நான் சர்ச்சில் பாடுகிறவன், தீயணைப்புக் குழுவில் ஓடினவன் என்றெல்லாம் சொன்னபோது பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இதெல்லாம் ஜட்ஜ் கேப்பாரு, தலையும் ஆட்டுவாரு, வெர்லின். ஆனா கட்டம் கட்டம்தான். மோசடி பண்றவன் எல்லாம் சர்ச்சுல பாடறவன்தான்" என்றார்.

அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவர்போல ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்ல யாராவது உங்கள நம்பியே படுத்த படுக்கையா இருக்காங்களா? பொண்டாட்டி அழுவா, பிள்ளைங்க ஏங்கிப் போயிடும்ங்கறது செல்லாது, அது எல்லாருக்கும்தான். உங்கள விட்டா பாத்துக்க வேற ஆளே இல்லன்னு இருக்கணும். அப்படி இருந்தா கட்டத்துக்கு வெளிய வர ஜட்ஜுக்கு ஒரு கதவு இருக்கு."

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, ஆர்டிஸ் என்னைவிடத் திடமாக இருக்கிறாள், போன வாரம்கூடக் கூரைப் பனியை அவள்தான் தள்ளினாள் என்று சொன்னேன்.

"அப்போ உங்களுக்கு அதிர்ஷ்டம் இல்ல" என்று சொல்லிவிட்டு டாலஃப்ஸன் சிரித்தார். நானும் சிரித்தேன். வேடிக்கைக்குச் சொன்னதுதான், அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

எனக்கு ஜெயில் என்றால் பயம். வெட்கமில்லாமல் சொல்கிறேன். வானத்தையும் வயலையும் பார்த்தே இருந்துவிட்டவனை நாலு சுவருக்குள் போட்டால் என்ன ஆவான் என்று நினைத்துச் சாப்பாடு இறங்கவில்லை. ஆர்டிஸ் தட்டைப் பார்ப்பாள். "மூணு வருஷம் ஓடிப்போயிரும், நான் வந்து வந்து பாக்கறேன்" என்று ஒரு தடவை சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனால் அதை எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பிறகு அந்தப் பிப்ரவரியில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. கொட்டகையில் வண்டியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன், மதியம் உள்ளே வந்தபோது தரையில் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொன்னேன். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு போய்விட்டது. கொரின் அன்றே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஆர்டிஸ் இடது கையால் தங்கையின் சட்டையைப் பற்றி இழுத்து, பிறகு அந்தக் கையை நீட்டி என்னைக் காட்டினாள். காட்டிக்கொண்டே இருந்தாள்.

"உங்களத்தான் தேடறா வெர்லின், கிட்ட போங்க" என்று கொரின் என்னைத் தள்ளிவிட்டாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

டாலஃப்ஸன் தீர்ப்பைத் தள்ளிவைக்கக் கேட்டார், ஜூன் மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அதற்கு முன் கோர்ட்டிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை கொடுப்பார். இவர் இல்லாவிட்டால் இந்த அம்மாளைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்பதுதான் அவர் கேட்கப் போகிற கேள்வி. வக்கீல் சொன்ன அந்தக் கதவைப் பற்றி அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன்.

எங்கள் லூத்தரன்காரர்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஒரு வீட்டில் நோய் என்றால் சர்ச்சுப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கும் கறியும் சேர்த்து வேகவைக்கிற ஹாட்டிஷ் செய்து எடுத்து வந்துவிடுவார்கள், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளவும் செய்வார்கள். ஆனால் எதையும் மூன்று தடவை கேட்பார்கள். முதல் இரண்டு தடவை வேண்டாம் என்பது மரியாதை, மூன்றாம் தடவை சரி என்பது வழக்கம். மூன்றாம் தடவையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, அப்புறம் ஆயுசுக்கும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டார்கள். டெலோரஸ்தான் எல்லார் சார்பிலும் வாசலில் பாத்திரத்தோடு வந்து நின்றாள். ஒரு தடவை வேண்டாம் என்றேன். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்றேன். அவள் பாத்திரத்தை என் பக்கம் நீட்டிவிட்டாள்.

"சரி, இத மட்டும் வாங்கிக்கங்க. செவ்வாக்கிழமை நான் வந்து அவ பக்கத்துல இருக்கேன், நீங்க கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்க."

"வேண்டாம் டெலோரஸ். என் ஆர்டிஸ நானே பாத்துக்கறேன்" என்றேன்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. பாத்திரத்தோடு திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இந்த வீட்டு வாசலுக்கு ஒருவரும் வரவில்லை. ஆனால் எனக்காக ஜட்ஜுக்குக் கடிதம் எழுதினார்கள். மனைவியை யார் கையிலும் விடாமல் தனி ஒருவராகக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார் என்று கிட்டத்தட்ட எல்லாருமே எழுதியிருந்தார்கள். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார்கள், ஒரு வார்த்தை பொய் இல்லை.

கொரினை அனுப்புவதுதான் கஷ்டமாக இருந்தது. தான் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்து தங்கிவிடுவதாகச் சொன்னாள். அவளுக்கும் மூன்று தடவை வேண்டாம் என்றுதான் சொன்னேன், ஆனால் சொந்தத் தங்கை இல்லையா, அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால் வேறொன்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர்கள் அம்மா விட்டுப்போன நிலத்தில் ஆர்டிஸின் பங்குக்கு அவள் கண் வைத்திருக்கிறாள் என்று சொன்னேன். அது இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் அழவில்லை, கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கதவருகே நின்று, "நீங்க இப்படிப்பட்ட ஆளுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள். அந்த அறையிலிருந்து ஆர்டிஸ் ஒரு சத்தம் போட்டாள். நான் கதவைச் சாத்தினேன்.

மிச்சம் இருந்தது ஜோலீன். பேச்சும் கைகாலும் திரும்பப் பயிற்சி கொடுக்க வாரத்துக்கு மூன்று நாள் வருகிற பெண், சின்ன வயது, எப்போதும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்வாள். முதல் சில மாதம்தான் முக்கியம், அதற்குள் எவ்வளவு மீட்கிறோமோ அவ்வளவுதான் என்று முதல் நாளே என்னிடம் சொன்னாள். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. ஆலங்கட்டி விழுந்த மறுநாள் வயலை அளக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். செத்துப்போன மாதிரி கிடக்கிற செடி, ஒரு வாரம் பத்து நாளில் தளிர்விட்டு எழுந்து நின்றுவிடும். எழுந்துவிட்டால் நஷ்ட ஈடு கிடையாது. தளிர் வந்துவிடுமோ என்று வரப்பில் நின்று வயலையே பார்த்துக்கொண்டிருக்கிற விவசாயிகளை நான் பார்த்திருக்கிறேன். பாவம், அவர்களும் பயிரை வளர்த்தவர்கள்தான்.

மார்ச் கடைசியில் ஒரு நாள் ஜோலீன் சமையலறைக்கு ஓடி வந்தாள்.

"வார்த்தை வருதுங்க! முழுசா இல்ல, ஆனா உதடு கூடுது, அவங்க எதையோ சொல்ல வராங்க. ரெண்டு மாசத்துல பேசிடுவாங்க பாருங்க" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

ரொம்ப சந்தோஷம் என்று சொன்னேன். அவளுக்கு ஒரு துண்டு கேக் வெட்டிக் கொடுத்தேன்.

பயிற்சிக்குப் பணம் கொடுப்பது இன்சூரன்ஸ். முன்னேற்றம் தெரிந்தால்தான் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள். அது எனக்குத் தெரிந்த உலகம். அடுத்த வாரத்திலிருந்து ஜோலீன் வருகிற நாட்களில், அவள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆர்டிஸுக்கு ஆப்பிள் கூழ் கொடுத்தேன். அதில் அலர்ஜி மாத்திரையைப் பொடித்துப் போட்டேன். கடையில் சீட்டில்லாமல் வாங்குகிற மாத்திரைதான். தூக்கக் கலக்கமாக இருக்கும், அவ்வளவுதான். தலை தொங்கிவிடும், கையைத் தூக்கிவிட்டால் அப்படியே விழும். ஜோலீன் தோளைத் தட்டுவாள், பாடிப் பார்ப்பாள், பிறகு எதையோ குறித்துக்கொண்டு போவாள். மே மாதம் பயிற்சியை நிறுத்தி உத்தரவு வந்தது. வாசலில் நின்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள் அந்தப் பெண். நான் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

கோர்ட்டிலிருந்து வந்தவரும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனார். சமையல், குளிப்பாட்டல், துணி மாற்றல், புரட்டிப் படுக்கவைத்தல், எல்லாம் இவரே செய்கிறார், உதவிக்கு ஒருவருமில்லை, நோயாளி தேறும் நிலையில் இல்லை என்று அறிக்கை கொடுத்தார். அதில் ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தது.

ஜூனில் ஃபார்கோவில் தீர்ப்பு. ஆர்டிஸைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனேன், அவளுக்குப் பிடித்த நீலக் கவுனைப் போட்டுவிட்டு, தலை வாரிவிட்டு. அரசாங்க வக்கீல் அட்டவணையைப் படித்தார், தொகையைச் சொன்னார், நான்தான் தலைவன் என்றார். மனைவியின் நோய் ஒருவனுக்குக் கேடயமாகக் கூடாது என்றுகூடச் சொன்னார். அது கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்தது. ஜட்ஜ் என்னைப் பேசச் சொன்னார். செய்தது தப்பு, எனக்குச் சலுகை வேண்டாம், இவளுக்காக மட்டும்தான் கேட்கிறேன் என்றேன். அப்போது ஆர்டிஸ் இடது கையைத் தூக்கி என்னைக் காட்டினாள். அவளிடம் இருக்கிற அந்த ஒரே சத்தத்தைப் போட்டாள். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார், மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, கவலப்படாதீங்க. அவர உங்ககிட்டேருந்து நான் பிரிக்கல" என்றார்.

ஆர்டிஸ் இன்னும் உரக்கச் சத்தம் போட்டாள். டெலோரஸும் மற்றவர்களும் பின்வரிசையில் அழுதார்கள். ஜெயில் இல்லை, ஐந்து வருட மேற்பார்வை, முதல் வருடம் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. கணுக்காலில் இருக்கிற இந்தக் கருவி அதற்குத்தான். வீட்டில் இருப்பது எனக்கு ஒரு தண்டனையே இல்லை. ஜன்னல் வழியாக வயல் தெரிகிறது.

அதற்குப் பிறகும் மாத்திரை எதற்கு என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அக்டோபரில் அவளாகவே உதடு கூட்ட ஆரம்பித்துவிட்டாள். ஜோலீன் கற்றுக்கொடுத்ததை என் முதுகுக்குப் பின்னால், நான் அறையில் இல்லாதபோது, தனியாகச் செய்து பார்த்திருக்கிறாள். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சரி செய்துகொண்டிருந்தாள். மேற்பார்வை அதிகாரி மாதம் ஒரு தடவை வருகிறார். அதனால் திரும்ப ஆப்பிள் கூழ். கிறிஸ்துமஸுக்கு வந்த கொரின் பார்த்தது அதைத்தான்.

பேச்சு வந்தால் ஆர்டிஸ் என்ன சொல்லிவிடுவாள் என்று பயந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இவ்வளவு தூரம் பனியில் வண்டி ஓட்டி வந்திருக்கிறீர்கள்.

அவளுக்குப் பக்கவாதம் வந்த அன்று நான் கொட்டகையில் இல்லை. காலை, இதே மேஜையில், இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவள் அடுப்பருகே நின்று பான்கேக் போட்டுக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள், வார்த்தைகள் குழம்பி வந்தன. கரண்டி விழுந்தது. முகத்தில் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. மேடையைப் பிடித்துக்கொண்டே மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள், பிறகு சாய்ந்தாள். அது என்னவென்று எனக்குத் தெரியும், என் அப்பாவும் அதில்தான் போனார். சீக்கிரம் கொண்டுபோனால் அடைப்பைக் கரைக்க மருந்து உண்டு, நேரம் கடந்தால் இல்லை என்பதும் தெரியும். போன் என் சட்டைப்பையில் இருந்தது. டாலஃப்ஸனோடு பேசிவிட்டு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

அடுப்பை அணைத்தேன். தலைக்குத் தலையணை வைத்தேன். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஒண்ணுமில்ல ஆர்டிஸ், ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் என் சட்டைப்பையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். முதலில் புரியாமல் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் புரிந்துகொண்டு பார்த்தாள். ரேடியோவில் மதியத் தானியச் சந்தை நிலவரம் வந்தது, கோதுமை கொஞ்சம் இறங்கியிருந்தது. அது முடிந்ததும் போன் செய்தேன்.

நான் அவளைத் தனியாக விடவில்லை என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அவ்வளவு நேரமும் கையை விடவே இல்லை. என்னைக் கொண்டுபோனால் ராத்திரி அவளை யார் புரட்டிப் படுக்கவைப்பது என்பதையும் யோசியுங்கள். கோர்ட்டே யோசித்துச் சொன்ன விஷயம் அது.

சற்று முன் அந்த அறைக்குள் நான் வந்ததும் அவள் ஏன் கண்ணை அப்படி இறுக மூடிக்கொண்டாள் என்று கேட்டீர்கள். எப்போதுமே அப்படித்தான். என் காலடிச் சத்தம் கேட்டாலே அவளுக்குத் தூக்கம் வந்துவிடுகிறது, பக்கத்தில் நான் இருக்கிறேன் என்கிற நிம்மதிதான், வேறென்ன.